மூன்று சுற்றில் பிடித்த மரை

அந்தப் பட்டறையில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. மாமனார் அப்படிக் கூப்பிட்டால் சரி, முறை இருக்கிறது. ஆனால் லாரி டிரைவர்கள், பக்கத்துக் கடை வெல்டர், தபால்காரர், பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் என்று தெருவே அவனை 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டது. தெருவுக்கே மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். அவனுக்கு அது முதுகில் யாரோ ஒட்டிவிட்ட சீட்டு மாதிரி. வீட்டோட மாப்பிள்ளை என்று முழுசாகச் சொல்லக் கூச்சப்பட்டு, முன்பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

வீடு பட்டறைக்கு மேலே. இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பட்டறையின் தகரக் கூரை. தலையணை உறையைத் துவைத்துக் காயவைத்தாலும் இரண்டே நாளில் டீசல் வாசம் ஏறிவிடும். மாடிப்படி பட்டறைக்குள்தான் இறங்கும். கடைசிப் படிக்குப் பக்கத்தில் மாமனாரின் நாற்காலி. ஒரு பிளேடு வாங்கப் போனாலும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். "எங்க மாப்ளே?" என்று அவர் கேட்பார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்பதில்லை, வாய்ப்பழக்கம். "சும்மா மாமா" என்பான் இவன். பதினோரு வருடமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் தேயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

மாமனார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவரோ இவனைக் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்கு ஒரு சட்டை எடுத்தால் இவனுக்கும் ஒன்று எடுப்பார், அதே துணியில். இருவரும் சேர்ந்து நின்றால் பள்ளிக்கூடச் சீருடை மாதிரி இருக்கும். போன மாதம் பள்ளியில் கொடுத்த படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் இவன் மகள், 'தாத்தா கடையில் இருக்கிறார்' என்று எழுதி வைத்திருந்தாள். அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இத்தனைக்கும் அவன் டிப்ளமா படித்தவன். மூட்டை தூக்கியவரின் மகன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆறு மாதம் பட்டறைப் பயிற்சி வேண்டும், ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு நல்ல வேலைக்குப் போய்விடலாம் என்று இங்கே வந்து சேர்ந்தான். அந்த ஆறு மாதம்தான் இன்னும் முடியவில்லை.

இப்போது பஸ் டிப்போவின் பராமரிப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருந்தது. தேர்வாகியிருக்கிறான். அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணிக்குள். முப்பத்தைந்து வயது முடியாதவர்களுக்குத்தான் வேலை. அவனுக்கு அடுத்த வாரம் முடிகிறது. இதை விட்டால் இனி எந்த டிப்போவும் கூப்பிடாது.

கடிதம் வந்து மூன்று நாளாகிவிட்டது. சட்டைப்பையில் மடித்து வைத்தபடியே திரிந்தான். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தான். சோறு இறங்கியது, பேச்சு ஏறவில்லை. காலையில் தேய்த்த சட்டையை மாட்டியபோது கடிதம் அதன் பையில் இருந்தது. நேற்றைய சட்டையிலிருந்து தானே மாற்றி வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான். சான்றிதழ் உறையை யாருக்கும் தெரியாமல் கடைசல் எந்திரத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். மதியத்துக்குள் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு, 'சும்மா' என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம். டிப்போவுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்தான்.

கையில் இருந்த வேலை ஒரு பழைய லாரி. அதன் டிரைவர் ஆளில்லாத தெருவில்கூட ஹாரன் அடிப்பவர் என்பதால் அவருக்குப் பெயரே ஹாரன்.

"ரெண்டு ஹோஸ்தான் மாப்ளே, மாத்தி விட்டா ஓடிடும்" என்று நேற்று வண்டியைக் காட்டியபோது சொன்னார் ஹாரன்.

"நீங்க சொல்ற ரெண்டு எப்பவுமே இருபதாத்தானே முடியும், அண்ணே."

அப்படித்தான் ஆனது. டேங்கிலிருந்து பம்புக்கு டீசல் போகும் ரப்பர் குழாய்களை விரலால் வளைத்தால் வெடிப்புகள் வாயைத் திறந்தன. இரும்புக் குழாய் துரு ஏறி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், டேங்க் பழைய காலத்து அங்குல மரை. பம்பை நடுவில் யாரோ மாற்றியதால் அது மில்லிமீட்டர் மரை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஒரு முனை அங்குலமும் மறுமுனை மில்லிமீட்டருமாக இணைப்புத் துண்டுகளைக் கடைந்தெடுக்க வேண்டும். அதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இன்று காலையிலேயே மூன்று துண்டு கடைந்து துணியில் அடுக்கி வைத்திருந்தான். ஆனால் காலையில் வருவதாகச் சொன்ன லாரி வந்து சேர மூன்று மணியாகிவிட்டது.

"ஃபில்டரும் கிளாம்பும் வாங்கிட்டு வந்துடறோம் மாப்ளே" என்று மாமனார் ஹாரனைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் சேர்ந்து போனால் வழியில் எல்லாக் கடைக்கும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் போனான். டேங்கின் அடியில் டீசலைத் திறந்து மூடும் பித்தளைக் காக் இருந்தது. அதை மூடிவிட்டு, பழைய குழாயின் நட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருகினான். நட் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். நட்டோடு சேர்ந்து காக்கே சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில், துருப்பிடித்த குழாயும் முறிய, கையோடு வந்துவிட்டது.

டீசல் முகத்தில் கொட்டியது. காலி டேங்கோடு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஹாரன் வழியில் பங்கைப் பார்த்ததும் கை பொறுக்காமல் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். யோசிக்க நேரமில்லை. வலது கட்டைவிரலை ஓட்டைக்குள் செருகினான். கொட்டுவது நின்றது. உதறியபோது கால் பட்டு, ஆணிப்பெட்டியும் கடைந்த துண்டுகளும் முன்சக்கரம் வரை உருண்டு போயிருந்தன.

விரலை எடுத்தால் இருநூறு லிட்டர் கொட்டும். தரை வாசல் பக்கம் சரிவு. வாசலைத் தாண்டினால் சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் வெல்டரின் கடை. அங்கே பொறி பறந்துகொண்டிருந்தது. "அண்ணே!" என்று கத்தினான். பதிலுக்கு அறுக்கும் எந்திரம்தான் கத்தியது.

இடது கையில் இன்னும் அந்தக் காக் இருந்தது; மரை மழுங்கிப்போய் இனி ஏறாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அதன் மரையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. ஒழுகாமல் இருக்கச் சுற்றும் நூல். ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றினால் திருகத் திருக நூல் பிரிந்து வெளியே வரும். தொழில் தெரிந்த யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தன்தான் சுற்றுவான்.

அந்த நூல் அவன் சுற்றியது. இது அந்த லாரி; கைமாறி, வண்ணம் மாறித் திரும்பி வந்திருக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இதே மாதிரி மல்லாந்து படுத்து இதே காக்கை மாட்டினான். யார் உதவியும் இல்லாமல் தனியாகச் செய்த முதல் வேலை. அங்குல மரையில் மில்லிமீட்டர் மரையைத் திருகுகிறோம் என்பது அன்றைக்குத் தெரியாது. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். மூன்று சுற்று சமத்தாக உள்ளே போகும். நாலாவதில் இறுகி நின்றுவிடும். தெரியாதவனுக்கு அது பிரமாதமாகப் பிடித்துவிட்டது போல இருக்கும். அந்த நேரம் பார்த்து லாரிக்கு வெளியே நின்று முதலாளி, அன்றைக்கு இன்னும் மாமனார் ஆகாதவர், ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எந்திரச் சத்தத்தில் பேச்சின் வால் மட்டும்தான் இவன் காதில் விழுந்தது.

"...பிடிச்சிருக்கா, தம்பி?"

"பிடிச்சிருக்கு சார்! நல்லாப் பிடிச்சிருக்கு!" என்று அடியிலிருந்து சந்தோஷமாகக் கத்தினான்.

வெளியே வந்தபோது முதலாளி அவனுடைய கறை படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எதற்கு இவ்வளவு, ஒரு காக்குக்கு என்று நினைத்தான். அவர் கேட்டது தன் மகளைப் பற்றி என்பது மறுநாள் அப்பா பேசியபோதுதான் தெரிந்தது. "உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் சொன்னாராமே! ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னியாமே!" அப்பா அவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பல நாள் தன்னையே கேட்டிருக்கிறான். வெட்கமா, அப்பாவின் சந்தோஷமா? பிடிக்கவில்லை என்று சொல்லவும் காரணம் இல்லையே; மாடிப்படியில் இறங்கும் அந்தப் பெண்ணை அவனும் இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தான். யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யோசித்துக்கொண்டே இருப்பவனுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

டீசல் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கி, அக்குளில் சேர்ந்து, முதுகுக்குப் போனது. விரல் மரத்துவிட்டது. நேரம் தெரியவில்லை. லாரிக்கு அடியிலிருந்து பார்த்தால் உலகம் ஒரு முழ உயரம்தான்.

அந்த ஒரு முழத்துக்குள் இரண்டு ரப்பர் செருப்புகள் வந்து நின்றன. ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. மனைவி.

"டீ" என்றாள். தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"டீ கிடக்கட்டும், மேஜைக்கு ஓடு. மூணாவது தட்டுல ஓட்டை அடைக்கிற பிளக் ஒண்ணு..."

அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. காக் கையோட வந்துடுச்சு. விரலை எடுத்தா டேங்க் மொத்தமும் தெருவுல."

"பிளக் இன்ச்சா, எம்.எம்மா?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "இன்ச்."

"அப்ப அது கீழ்த்தட்டு. மூணாவது எம்.எம். அந்த டப்பாவையெல்லாம் கழுவி அடுக்கினவ நான். நீங்க வர்றதுக்கு முன்னாடி அது என் வேலை."

சொன்னாளே தவிர, போகவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், என்ன உட்கார்ந்துட்ட?"

"மூணு நாளா நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஏதாவது கேட்டா எழுந்து போயிடறீங்க. இப்பதான் எழுந்து போக முடியாம இருக்கீங்க. சொல்லுங்க."

"எதை?"

"சட்டைப்பையில இருக்கிறதை. துவைக்கிற தண்ணியில போகாம, எடுத்து தேய்ச்ச சட்டையில வச்சது யாருன்னு நினைச்சீங்க? டிப்போ மேனேஜரா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "மணி என்ன?"

"நாலு அஞ்சு."

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"தெரியும், படிச்சேன். போறதாத்தானே இருக்கீங்க? பிடிச்சிருக்கா, அந்த வேலை?"

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே!" சொன்ன வேகத்தில் விரல் நழுவி, மார்பெல்லாம் டீசல் தெறித்தது. மறுபடி அழுத்திக்கொண்டான். இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? "உங்கப்பா அன்னைக்குக் கேட்டாரே... நான் சொன்னது இந்தக் காக்கை. மரை பிடிச்சிருக்குன்னு சொன்னேன். உன்னை இல்ல."

செருப்புகள் அசையவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் மாடிப்படியில நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். ஸ்பானரால தட்டிக்கிட்டே சொன்னீங்க, 'இறுக்கமா நிக்குது சார், இனிமே அசையாது'ன்னு. பொண்ணைப் பத்திக் கேட்டா யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? அப்பாதான், பையன் கூச்சத்துல ஏதோ உளர்றான்னு நினைச்சுக்கிட்டார்."

"தெரிஞ்சுமா நீ சும்மா இருந்த? பதினோரு வருஷமா?"

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

அவன் கட்டைவிரலை இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டான்.

"உங்ககிட்டயாவது ஒரு கேள்வி கேட்டாங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. சாமான் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "காதுல சரியா விழல, அது வேற. என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது."

இத்தனை வருடமும் பொறியில் மாட்டியது தான் ஒருத்தன்தான் என்று அவன் நினைத்திருந்தான். "இப்ப நான் கேக்கட்டுமா?"

"டேங்குல விரலை விட்டுக்கிட்டா? நல்ல நேரம் பார்த்தீங்க." அவள் எழுந்து போனாள்.

தேடவில்லை; நேராகக் கீழ்த்தட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். பிளக்கில் நூலையும் சுற்றியிருந்தாள், சரியான பக்கமாக. ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினாள். அவன் விரலை எடுத்ததும் இரண்டு பேர் மேலும் கொட்டியது. அவன் பிளக்கை ஓட்டையில் வைத்துத் திருகினான். முதல் மூன்று சுற்று கரகரவென்று மக்கர் பண்ணியது. தப்பான மரை பதினோரு வருடமாக மென்று வைத்த இடம். அதைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே இருந்த மரையை இதுவரை எதுவும் தொட்டதே இல்லை. ஏழாவது சுற்றில் உட்கார்ந்தது. ஒரு சொட்டு இல்லை.

வெளியே வந்தபோது மணி நாலு இருபது.

"சோப்பு போட்டு ஒரு வாளி ஊத்திக்கிட்டுப் போங்க" என்றாள்.

"நேரமில்ல."

பழந்துணியால் துடைத்துக்கொண்டு, ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, உறையை எடுத்துக்கொண்டு நடந்தான். மாமனாரின் நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டும்போது யாரும் கேட்காமலே வாயில் 'சும்மா' என்று வந்தது. விழுங்கிக்கொண்டான்.

பஸ் உடனே வந்தது. படியில் கால் வைத்ததும் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, என்னண்ணே இது? டேங்குல குளிச்சிட்டு வர்றீங்களா?"

"அவசரம் தம்பி. டிப்போவுக்குத்தான் போறேன்."

"நீங்க ஏறினா எஞ்சினே வேணாம், பஸ் தானா போய்ச் சேரும். பின்னாடி குழந்தைங்க இருக்கு. எவனாவது ஒரு தீக்குச்சி உரசினா என் கதி? இறங்குங்கண்ணே, கோவிச்சுக்காதீங்க."

நாளையிலிருந்து நானும் உங்கள் ஆள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். கண்டக்டர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இறங்கினான். இரண்டு ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்து வாசம் பிடித்ததும் வேகமெடுத்துப் போய்விட்டன. கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தான். டீசல் ஊறிய செருப்பு காலில் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸும் அவனை ஏற்றவில்லை. எதிரே இருந்த கடைக் கடிகாரத்தில் முள் ஐந்தைத் தொடும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். குளிக்காமல் ஓடிவந்தது வேலைக்குப் போகும் அவசரத்திலா, இல்லை இன்னொரு நிமிடம் நின்றால் போகமாட்டோம் என்ற பயத்திலா? அவனுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மாமனாரும் ஹாரனும் வந்துவிட்டிருந்தார்கள். மாமனார் நாற்காலியில் இருந்தார். பழைய காக்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ளே போனீங்க?"

அவன் கால் தானாக லாரி பக்கம் போனது. சக்கரப் பலகையில் படுத்து அடியில் நுழைந்துகொண்டான். அங்கே யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மாமனார் எழுந்து லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பிளக் போட்டு அடைச்சீங்களாமே? என்ன மாப்ளே, பிடிச்சிருக்கா?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல், அதே இடம். இன்றைக்கு எந்த எந்திரமும் ஓடவில்லை.

"பிடிக்கல, மாமா" என்றான்.

சொல்லிவிட்டான்.

"பிடிக்கலேன்னா கழட்டி, சுத்தமாத் தொடச்சு, மறுபடி போடுங்க" என்றார் மாமனார். "இதுக்கு எதுக்கு மாப்ளே குரல் இவ்வளவு நடுங்குது?"

ஹாரன் சிரித்தார். "மாப்ளைக்கே மரை கழண்டுடுச்சு போல!"

அவன் பிளக்கைப் பார்த்தபடி கிடந்தான். பிடிச்சிருக்கு, பிடிக்கல என்ற இந்த வார்த்தை ஆளை உள்ளே தள்ளத்தான் உதவும், வெளியே இழுக்க உதவாது போலிருக்கிறது. ஸ்பானரை எடுக்கக் கை நீண்டது.

மாடிப்படியில் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

"அப்பா, அவர் பிளக்கைச் சொல்லல" என்றாள் அவன் மனைவி.

ஹாரனின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"பின்ன எதைச் சொல்றாரு?"

லாரிக்கு வெளியே மாமனாரின் பாதங்கள் அவன் பக்கம் திரும்பின. கொஞ்சம் தள்ளி, ஊக்கு குத்திய செருப்பு கடைசிப் படியில் வந்து நின்றது.

"வெளியே வந்து சொல்றேன், மாமா" என்றான். குதிகாலை ஊன்றித் தள்ளினான். பலகையின் சக்கரம், முறிந்து கீழே கிடந்த பழைய குழாயில் சிக்கிக்கொண்டது. நகரவில்லை. இன்னொரு முறை, பலமாகத் தள்ளினான்.